கிரைசிஸ் கம்யூனிகேஷன் ஆராய்ச்சின்னா என்ன, அதையே தொழிலா எடுத்தவங்க என்னதான் பண்றாங்க?

"நான் கிரைசிஸ் கம்யூனிகேஷன்ல ஆராய்ச்சி பண்றேன்"னு ஒருத்தர் சொன்னா கேக்குறவங்களுக்கு சட்டுனு தோணுறது ரெண்டுதான். ஏதோ பெரிய கம்பெனி மாட்டிக்கிட்டா எப்படி பூசி மெழுகுறதுன்னு ஐடியா குடுக்குற ஆளு போலன்னு நினைப்பாங்க, இல்லைன்னா புயல் வந்தா டிவில உக்காந்து பேசுற எக்ஸ்பர்ட்னு நினைப்பாங்க. ரெண்டும் முழுத் தப்புன்னு சொல்ல முடியாது, ஆனா அந்த வேலையோட மையம் அங்க இல்ல.

ஏதோ ஒண்ணு நடந்துடுச்சு, என்ன நடந்துச்சுன்னு இன்னும் யாருக்கும் முழுசா தெரியல, ஆனா எல்லாருக்கும் இப்பவே தெரிஞ்சாகணும். இந்த நடு நேரம் இருக்கு பாருங்க, அது பத்து நிமிஷமா இருக்கலாம், கோவிட் மாதிரி பல மாசமாவும் இழுக்கலாம், அந்த நேரத்துல யார் பேசுறாங்க, என்ன சொல்றாங்க, யார் சொல்றதை ஜனங்க நம்புறாங்க, நம்பிட்டு எழுந்து ஓடுறாங்களா இல்ல அப்படியே உக்காந்து போனைத் தேய்க்கிறாங்களா, இதைத்தான் இந்தத் துறை படிக்குது. டிஜிட்டல் மீடியா வந்த பிறகு அந்த நடு நேரத்துல பேசுற ஆளுங்க எண்ணிக்கை கோடிக்கணக்குல ஆயிடுச்சு, அதனால துறையும் கிட்டத்தட்ட வேற துறையா மாறிடுச்சு.

ஒரு உதாரணத்தை நல்லா கிட்டத்துல பாத்துடலாம். 2018 ஜனவரி 13, சனிக்கிழமை காலை 8:07க்கு ஹவாய் தீவுகள்ல இருந்த எல்லார் போனும் அலறுது. ஏவுகணை ஹவாயை நோக்கி வருது, உடனே பாதுகாப்பான இடத்துக்குப் போங்க, இது ஒத்திகை இல்ல, அப்படின்னு மெசேஜ். ஏவுகணை எதுவும் வரல. ஷிஃப்ட் மாறுற நேரத்துல ஒரு ஒத்திகை நடத்தினாங்க, அதை நிஜம்னு எடுத்துக்கிட்ட ஒரு ஊழியர் நிஜ எச்சரிக்கையையே அனுப்பிட்டார். சரி, தப்பு நடந்துடுச்சு, உடனே திருத்திடலாம்ல? போனுக்கு திருத்தம் போய்ச் சேர 38 நிமிஷம் ஆச்சு. பொய் அலாரம் போயிட்டா அதை எப்படி திருப்பி எடுக்கணும்னு முன்கூட்டி எந்த ஏற்பாடும் இல்ல. கவர்னர் டேவிட் இகேவுக்கு 8:09க்கே இது பொய்னு தெரிஞ்சிடுச்சு, ஆனா அவர் ட்விட்டர்ல அதைச் சொன்னப்ப மணி 8:24. ஏன் லேட்டுன்னு பிறகு கேட்டப்ப தன்னோட ட்விட்டர் லாகினும் பாஸ்வேர்டும் தனக்குத் தெரியாதுன்னு அவரே ஒத்துக்கிட்டார்.

செய்தியா படிச்சா சிரிச்சுட்டு போயிடலாம். ஆராய்ச்சி பண்றவங்க அந்த மெசேஜையே எடுத்து வச்சு அறுப்பாங்க. எச்சரிக்கை மெசேஜ் பத்தி டென்னிஸ் மிலெட்டி மாதிரி சமூகவியல் ஆட்கள் பல வருஷமா வேலை பண்ணி, நல்ல எச்சரிக்கைல அஞ்சு விஷயம் இருக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க: யார் சொல்றது, என்ன ஆபத்து, எந்த இடம், எவ்வளவு நேரம் இருக்கு, நான் என்ன பண்ணணும். ஹவாய் மெசேஜை இதுல வச்சுப் பாருங்க. யார் அனுப்பினதுன்னு எங்கயும் இல்ல. ஆபத்து என்னன்னு இருக்கு. இடம் ஹவாய்னு இருக்கு, ஆனா அது எட்டு பெரிய தீவு சேர்ந்தது, எந்தத் தீவு? எத்தனை நிமிஷத்துல வருதுன்னு கிடையாது. பாதுகாப்பான இடத்துக்குப் போன்னு இருக்கு, ஆனா எது பாதுகாப்பான இடம், ரோட்டுல கார்ல போறவன் என்ன பண்ணணும், பீச்ல நிக்கிறவன் எங்க போகணும்? அஞ்சுல ஒண்ணுதான் முழுசா இருக்கு, ரெண்டு அரைகுறை, ரெண்டு சுத்தமா இல்ல. நெஜமாவே ஏவுகணை வந்திருந்தாலும் இந்த மெசேஜ் பெருசா உதவியிருக்காதுங்கறது என் அபிப்பிராயம்.

எச்சரிக்கை கெடைச்சதும் ஜனங்க உடனே ஓடிடுவாங்க, கூட்டம் நெரியும், பீதி கிளம்பும்னு சினிமால காட்டுறாங்க இல்லையா, ஆராய்ச்சில திரும்பத் திரும்ப வர்றது அதுக்கு நேர் எதிர். பெரும்பாலான ஆட்கள் முதல்ல நம்ப மாட்டாங்க. பக்கத்துல இருக்கறவரைக் கேப்பாங்க, வீட்டுக்கு போன் போடுவாங்க, வேற எங்கயாவது இதே செய்தி வருதான்னு தேடுவாங்க, அதுக்கப்புறம்தான் நகருவாங்க. இந்தத் தயக்க நேரத்துக்கு மில்லிங்னு பேரு. அதை எவ்வளவு குறைக்க முடியுதோ அவ்வளவு உயிர் பிழைக்கும், அதனாலதான் மெசேஜோட நீளத்துக்குக் கூட இங்க சண்டை நடக்குது. அமெரிக்காவுல 2012ல போன் எச்சரிக்கை ஆரம்பிச்சப்ப 90 எழுத்துதான் அனுமதி. அதுல அஞ்சு விஷயத்தையும் எப்படி அடைக்கிறது? மெசேஜ் ரொம்பச் சுருக்கமா இருந்தா ஜனங்க மேல விவரம் தேடியே நேரத்தைப் போக்குறாங்கன்னு ஆராய்ச்சிகள் காட்டிச்சு, 2019 கடைசியில அதை 360 எழுத்தா ஆக்குனாங்க. படிப்பு நேரா நடைமுறைக்குப் போய்ச் சேர்ந்த அபூர்வமான இடங்கள்ல இது ஒண்ணு.

அதே ஹவாய் சம்பவத்தை டிஜிட்டல் மீடியா பக்கத்துல இருந்தும் படிச்சிருக்காங்க. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசியோட வார அறிக்கைல 2019ல வந்த ஒரு ஆய்வு, பொய் அலாரம் போன 38 நிமிஷத்துல வந்த ட்வீட்டுகளையும் திருத்தம் வந்ததுக்குப் பிறகு அதே அளவு நேரத்துல வந்த ட்வீட்டுகளையும் தனித்தனியா பிரிச்சுப் படிச்சாங்க. முதல் பாதில ஜனங்க என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கப் பாக்குறாங்க, மத்தவங்களுக்குத் தகவல் சொல்றாங்க, இது உண்மையான்னு சரிபாக்குறாங்க, பயத்தைக் கொட்டுறாங்க. ரெண்டாவது பாதில கோபம், இனிமே அரசாங்கம் சொன்னா நம்புவேனாங்கற பேச்சு, எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல, அப்படின்னு மாறுது. ஆபத்து போனதும் கதை முடிஞ்சுடல, அடுத்த நிஜ அலாரத்தை யார் நம்புவாங்கங்கற பிரச்சனை அப்பத்தான் ஆரம்பிக்குது.

இது பேரிடர் பக்கம். துறைக்கு இன்னொரு பெரிய கிளை இருக்கு, கம்பெனிகளும் நிறுவனங்களும் மாட்டிக்கிறப்ப என்ன பேசணுங்கறது. இந்தப் பக்கம் எந்தப் பாடத்தை எடுத்தாலும் முதல் வகுப்புல டைலினால் கதை வந்துடும். 1982ல சிகாகோ பக்கம் டைலினால் மாத்திரைல யாரோ சயனைடு கலந்துட்டாங்க, 7 பேர் செத்துட்டாங்க. கம்பெனி தன் தப்பே இல்லைன்னாலும் கடைகள்ல இருந்த சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்ப எடுத்துடுச்சு, செலவு 10 கோடி டாலருக்கு மேல. அதை இன்னைக்கு வரைக்கும் நல்ல உதாரணமா சொல்லிக்கிட்டே இருக்காங்க (கொஞ்சம் அளவுக்கு மீறியே சொல்றாங்கன்னு எனக்குத் தோணும், அன்னைக்கு சோஷியல் மீடியா இல்ல, யோசிக்க நேரம் இருந்துச்சு). பிறகு 90கள்ல வில்லியம் பெனாய்ட்ங்கறவர், மாட்டிக்கிட்டவங்க பேசுற விதங்களை அஞ்சு வகையா பிரிச்சார்: நான் பண்ணலன்னு மறுக்கிறது, பொறுப்புல இருந்து நழுவுறது, விஷயத்தைச் சின்னதாக்கிக் காட்டுறது, சரி பண்றேன்னு சொல்றது, மன்னிப்பு கேக்குறது. டிமோதி கூம்ப்ஸ்ங்கற இன்னொரு ஆராய்ச்சியாளர் அதுக்கு அடுத்த கேள்வியைக் கேட்டார், எந்த நேரத்துல எது எடுபடும்? அவர் பதில் என்னன்னா, நடந்ததுக்கு ஜனங்க உங்க மேல எவ்வளவு பழி போடுறாங்கன்னு முதல்ல பாரு. நீயே பாதிக்கப்பட்டவனா, தெரியாம நடந்த விபத்தா, தடுத்திருக்க முடிஞ்சும் விட்டதா? பழி ஏற ஏற நீ இறங்கி வர்றதும் ஏறணும். இதுக்கு முன்னாடியும் இதே மாதிரி மாட்டியிருந்தா பழி இன்னும் கூடும். கேக்க சாதாரணமாத்தான் இருக்கு, ஆனா இந்த ஒரு தியரியை வச்சு வந்த பேப்பர்கள் எக்கச்சக்கம்.

இப்ப, ஒரு ஆராய்ச்சியாளர் தினமும் உக்காந்து என்னதான் பண்றாருன்னு கேட்டா அதுக்கு 2017 ஏப்ரல்ல யுனைடெட் ஏர்லைன்ஸ்ல நடந்ததை எடுத்துக்கலாம். 9ஆம் தேதி சிகாகோல ஒரு பயணியை சீட்டுல இருந்து தரதரன்னு இழுத்துட்டுப் போன வீடியோ உலகம் பூரா பரவிச்சு. மறுநாள் சிஇஓ ஆஸ்கர் முனோஸ் ஒரு அறிக்கை விட்டார், அதுல அந்தப் பயணிகளை வேற விமானத்துக்கு மாத்த வேண்டி வந்ததுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன்னு இருந்துச்சு. அன்னைக்கே ஊழியர்களுக்கு அவர் எழுதின கடிதமும் வெளிய வந்துச்சு, அதுல பயணி மேலயே குறை. 11ஆம் தேதி மூணாவது அறிக்கை, முழுப் பொறுப்பும் எங்களோடதுன்னு. இப்ப ரெண்டு ஆராய்ச்சி மாணவர்கள் தனித்தனியா உக்காந்து இந்த அறிக்கைகளை வகைப்படுத்துறாங்கன்னு வைங்க, இதைத்தான் கோடிங்னு சொல்றது, கம்ப்யூட்டர் கோடிங் இல்ல. முதல் அறிக்கையை ஒருத்தர் மன்னிப்புன்னு குறிக்கிறார், அந்த வார்த்தை இருக்கே. இன்னொருத்தர் இல்ல, இழுத்துட்டுப் போனதுக்கா மன்னிப்பு கேட்டாரு, விமானம் மாத்துனதுக்குல்ல கேட்டாரு, இது விஷயத்தைச் சின்னதாக்குறதுன்னு குறிக்கிறார். யார் சரி? விதிப் புத்தகத்தைத் திறந்து புதுசா ஒரு வரி சேப்பாங்க, மன்னிப்புன்னு குறிக்கணும்னா பேசுறவர் எந்தத் தப்புக்காக கேக்குறார்னு தெளிவா சொல்லியிருக்கணும்னு. திரும்ப முதல்ல இருந்து குறிப்பாங்க. ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறாங்கங்கறதுக்கு கிரிப்பென்டார்ஃப் ஆல்ஃபான்னு ஒரு கணக்கு இருக்கு, 0.8 வந்தா நல்லது, 0.667க்குக் கீழ போனா அந்த டேட்டாவை நம்பி எதுவும் சொல்லாதேங்கறது வழக்கம். இந்த மாதிரி ஆயிரம் போஸ்ட், ரெண்டாயிரம் போஸ்ட். பிஎச்டியோட பெரிய பகுதி இதுதான், வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு வழி எக்ஸ்பெரிமென்ட். இல்லாத ஒரு கம்பெனி பேர்ல ஒரு பிரச்சனையை எழுதி, ஒரு குழுவுக்கு மன்னிப்பு கேட்ட போஸ்டையும் இன்னொரு குழுவுக்கு மறுத்த போஸ்டையும் காட்டி, நம்பிக்கை எவ்வளவு இருக்குன்னு கேப்பாங்க. இதுல காரணத்தையும் விளைவையும் சுத்தமா பிரிச்சுப் பாக்கலாம், அதுதான் பலம். பலவீனம் என்னன்னா கலந்துக்கறவங்க நெறைய தடவை காலேஜ் பசங்க, கம்பெனியே கற்பனை, யாருக்கும் நெஜமா கோபமே வரல. விபத்துல சிக்கின பஸ்ல மகன் இருந்தானான்னு தெரியாம தவிக்கிற அம்மா ஒரு போஸ்டைப் படிக்கிற விதமும், மார்க்குக்காக சர்வே நிரப்புற மாணவன் படிக்கிற விதமும் ஒண்ணா? அதனாலதான் இன்டர்வியூ, நேர்ல போய்ப் பாக்குறது, சோஷியல் மீடியா டேட்டா எல்லாத்தையும் கலந்து வேலை பண்றவங்க மேல எனக்கு மரியாதை அதிகம்.

சோஷியல் மீடியாவுக்கு வருவோம். 2013 ஏப்ரல்ல பாஸ்டன் மாரத்தான்ல குண்டு வெடிச்சப்ப ரெடிட்ங்கற ஆன்லைன் அரட்டைத் தளத்துல ஆயிரக்கணக்கான பேர் போட்டோவை எல்லாம் சேத்து வச்சு நாங்களே குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறோம்னு கிளம்பி, சம்பந்தமே இல்லாத ஒரு மாணவர் மேல பழியைப் போட்டாங்க. கெட்ட எண்ணத்துல பண்ணல, உதவி பண்றதா நினைச்சுதான் பண்ணாங்க. இந்த மாதிரி வதந்திகளைப் பத்தி முக்கியமா வேலை பண்ணவங்கள்ல கேட் ஸ்டார்பேர்ட் ஒருத்தர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ப்ரொஃபசர், அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல தொழில்முறை பாஸ்கெட்பால் வீராங்கனை! அவங்க குழு பாஸ்டன் ட்வீட்டுகளைப் பாத்தப்ப திருத்தம் வரத்தான் செஞ்சுது, ஆனா பொய் போன வேகத்துக்கும் அளவுக்கும் முன்னாடி அது ரொம்பச் சன்னமா இருந்துச்சு. இவங்க பார்வைல வதந்திங்கறது முட்டாள்தனம் மட்டும் இல்ல, தகவல் இல்லாத நேரத்துல கூட்டமா சேர்ந்து அர்த்தம் தேடுற முயற்சி, அது சில நேரம் சரியா வரும், பல நேரம் தடம் மாறும். எனக்கு இந்தத் துறைல ரொம்பப் பிடிச்ச யோசனையே இதுதான்.

பொய்தான் வேகமா போகுதுங்கறதுக்கு பெரிய அளவுல ஆதாரம் 2018ல வந்துச்சு. எம்ஐடி ஆட்கள் மூணு பேர் 2006ல இருந்து 2017 வரைக்கும் ட்விட்டர்ல பரவின சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துப் பாத்தாங்க, பொய்ச் செய்தி ரீட்வீட் ஆகுற வாய்ப்பு உண்மைச் செய்தியை விட 70 சதவீதம் அதிகம். பாட் அக்கவுண்டுகளை, அதாவது புரோகிராம் வச்சு தானா ஓடுற அக்கவுண்டுகளை, எடுத்துட்டுப் பாத்தாலும் அதேதான், பரப்புறது நாமதான். ஆனா இதை மட்டும் சொல்லிட்டு விட்டா ஒரு பக்கமா போயிடும். 2010 ஜனவரில ஹைட்டில பூகம்பம் வந்தப்ப ஜனங்க 4636ங்கற நம்பருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப, வெளிநாட்டுல இருந்த ஹைட்டிக்காரங்க உக்காந்து அதை கிரியோல்ல இருந்து மொழிபெயர்க்க, உஷாஹிடிங்கற மேப்ல எங்க யார் மாட்டியிருக்காங்கன்னு புள்ளி புள்ளியா ஏறிச்சு. அதே நடு நேரம், அதே முன்பின் தெரியாத கூட்டம், ஆனா இங்க வேலை நடந்துச்சு. ஒரு இடத்துல ஏன் கெட்டுது, இன்னொரு இடத்துல ஏன் உருப்பட்டுச்சுங்கறதுதான் சுவாரசியமான கேள்வி.

அதிகாரிகள் பக்கம் இருக்குற சிக்கல் வேற மாதிரி. 2001ல அமெரிக்காவுல ஆந்த்ராக்ஸ்ங்கற நோய்க் கிருமியை வச்சு அனுப்பின கடிதங்கள் வந்து குழப்பம் ஆன பிறகு சிடிசி ஒரு பயிற்சியையே உருவாக்கிச்சு, அதோட கோஷம், முதல்ல சொல்லு, சரியா சொல்லு, நம்பும்படி சொல்லு. படிக்க நல்லா இருக்கு. ஆனா முதல்ல சொன்னா சரியா சொல்ல முடியாது, சரியா சொல்லணும்னு காத்திருந்தா முதல்ல சொல்ல முடியாது, ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டா நம்பிக்கை போகும். கோவிட்ல மாஸ்க் கதை இதுதான், 2020 ஆரம்பத்துல பொதுமக்களுக்கு வேண்டாம்னாங்க, ஏப்ரல் 3ஆம் தேதி துணி மாஸ்க் போடுங்கன்னு மாத்துனாங்க. ஆதாரம் மாறினா அறிவுரை மாறத்தான் செய்யும், அதுல தப்பு இல்ல, ஆனா முதல் தடவை சொல்றப்பவே "இப்போதைக்கு தெரிஞ்சது இவ்வளவுதான், நாளைக்கு மாறலாம்"னு சொல்லியிருந்தா? இப்படிச் சொன்னா நம்பிக்கை குறையுமா, கூடுமா? இதுக்கு ஒத்தை வரில பதில் கிடையாது, எப்படிச் சொல்றாங்க, யார் கேக்குறாங்கங்கறதைப் பொறுத்து முடிவு மாறுது. உலக சுகாதார அமைப்பு அதே 2020 பிப்ரவரில இன்ஃபோடெமிக்ங்கற வார்த்தையை, அதாவது உண்மையும் பொய்யும் கலந்து தகவல் வெள்ளமா பரவுறதை, பெருசா பேச ஆரம்பிச்சதும் இந்தத் துறைக்கு திடீர்னு மவுசு கூடிடுச்சு.

சரி, இதுல ஒரு தொழில் வாழ்க்கை எப்படி ஓடும்? முதல் கஷ்டமே வேகம். நெருக்கடி மணிக்கணக்குல நடக்குது, ஆராய்ச்சி வருஷக்கணக்குல நடக்குது. மனுஷங்க சம்பந்தப்பட்ட ஆய்வுன்னா பல்கலைக்கழக நெறிமுறைக் குழு அனுமதி வேணும், அதுக்கே வாரக்கணக்கு ஆகும், அதுக்குள்ள போஸ்ட் எல்லாம் டெலீட் ஆயிடும், ஜனங்க ஞாபகமும் மாறிடும். வீடு பத்தி எரியறப்ப கிணறு வெட்டக் கூடாதுன்னு சொல்றது இங்க அப்படியே பொருந்தும். விவரம் தெரிஞ்ச குழுக்கள் சம்பவம் நடக்குறதுக்கு முன்னாடியே பொதுவான அனுமதி வாங்கி, கேள்வித்தாள் எழுதி, டேட்டா எடுக்குற புரோகிராமைத் தயாரா வச்சிருப்பாங்க. இதுக்குன்னே காசு குடுக்குற ஏற்பாடும் உண்டு, அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைல ரேபிட்னு ஒரு வகை நிதி, கொலராடோ பல்கலைக்கழகத்துல 1976ல இருந்து இருக்குற நேச்சுரல் ஹஸர்ட்ஸ் சென்டர் குடுக்குற சின்னச் சின்ன உடனடி நிதின்னு.

ரெண்டாவது கஷ்டம், டேட்டா நம்ம கைல இல்ல. ரொம்ப வருஷம் இந்தத் துறை ட்விட்டரையே நம்பி ஓடிச்சு, காரணம் அங்க ஜனங்க அதிகம்ங்கறதால இல்ல, அங்க டேட்டா சுலபமா கெடைச்சுது, அவ்வளவுதான். புது நிர்வாகம் வந்து 2023ல இலவச ஏபிஐயை, அதாவது புரோகிராம் மூலமா டேட்டா எடுக்குற வழியை, மூடினதும் பாதியில நின்ன தீசிஸ்கள் எத்தனையோ. ஃபேஸ்புக்கைப் பாக்க உதவின கிரவுட்டாங்கிளையும் மெட்டா 2024 ஆகஸ்ட் 14ஆம் தேதி மூடிடுச்சு, பதிலுக்கு வந்தது அவ்வளவு சுலபமா எல்லாருக்கும் திறக்காது. ஐரோப்பிய யூனியனோட டிஜிட்டல் சர்வீசஸ் ஆக்ட்ல 40ஆவது பிரிவு, தகுதி சரிபார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு டேட்டா குடுக்கணும்னு பெரிய தளங்களைக் கட்டாயப்படுத்துது, நிறைய பேர் இப்ப அதைத்தான் நம்பிக்கிட்டு இருக்காங்க. வாட்ஸ்அப் மாதிரி மூடின குரூப்ல நடக்குறது இதுல எதுலயும் வராது. அங்கதான் நெஜமான பேச்சு நடக்குது, அங்க நாம போகவே முடியாது, போகணும்னு ஆசைப்படுறதும் சரியான்னு ஒரு கேள்வி இருக்கு.

அந்த நெறிமுறைக் கேள்வியைக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். ஒருத்தர் வெள்ளத்துல மாட்டிக்கிட்டு மொட்டை மாடில இருந்து "என்னைக் காப்பாத்துங்க"ன்னு அட்ரஸோட பப்ளிக்கா போஸ்ட் போடுறார். பப்ளிக்தானேன்னு அதை அப்படியே பேப்பர்ல மேற்கோள் காட்டினா தேடுனா ரெண்டு செகண்ட்ல ஆளு யாருன்னு தெரிஞ்சிடும். அதனால பொறுப்பானவங்க அர்த்தம் மாறாம வார்த்தையை மாத்தி எழுதுவாங்க, அட்ரஸ், பேரு எல்லாம் எடுத்துடுவாங்க. இன்னொண்ணு, படிக்கிறவங்க மனநிலை. நாள் முழுக்க உடம்புகள் கிடக்குற வீடியோவையும் தவிக்கிற குரலையும் பாத்து வகைப்படுத்துறது சும்மா இல்ல. இத்தனை மணி நேரத்துக்கு மேல கோடிங் பண்ணக்கூடாது, தனியா பண்ணக்கூடாதுன்னு விதி வச்சிருக்குற லேப்ல சேருங்க. பொய்ப் பிரச்சாரத்தைப் பத்தி எழுதுறவங்களுக்கு ஆன்லைன்ல திட்டும் மிரட்டலும் வர்றதும் உண்டு, அப்ப கூட நிக்கிற பல்கலைக்கழகமாங்கறதை முன்னாடியே விசாரிச்சுக்கறது நல்லது.

படிப்புப் பாதை மத்த துறை மாதிரிதான். மாஸ்டர்ஸ், பிறகு பிஎச்டி, ஐரோப்பாவுல பொதுவா மூணு நாலு வருஷம், அமெரிக்காவுல அதை விட ஒண்ணு ரெண்டு வருஷம் கூட. பிறகு போஸ்ட்டாக், அதாவது பிஎச்டி முடிச்சவங்களுக்கான தற்காலிக ஆராய்ச்சி வேலை, பெரும்பாலும் ரெண்டு வருஷ ஒப்பந்தம், சில பேர் ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணுன்னு ஊர் ஊரா போவாங்க. அதுக்கப்புறம் அசிஸ்டன்ட் ப்ரொஃபசர், அமெரிக்க முறைல அஞ்சாறு வருஷம் கழிச்சு நிரந்தரமாங்கறது தெரியும். பி.ஆர், ஜர்னலிசம், பொது சுகாதாரம், சமூகவியல், கம்ப்யூட்டர் சயின்ஸ்னு எந்த டிபார்ட்மென்ட்ல இருந்தும் இதுக்குள்ள வரலாம், அது வசதியும்தான் தொந்தரவும்தான். மீடியா டிபார்ட்மென்ட்ல நீ ரொம்ப கம்ப்யூட்டர்ம்பாங்க, கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட்ல உன் தியரி எங்கன்னு கேப்பாங்க. கம்ப்யூட்டர் பக்கம் உள்ளவங்க 2004ல ஆரம்பிச்ச இஸ்க்ராம் மாநாட்டுக்குப் போவாங்க, மீடியா பக்கம் உள்ளவங்க சர்வதேச கம்யூனிகேஷன் சங்கமான ஐசிஏவோட மாநாட்டுக்குப் போவாங்க, ஒரே விஷயத்துக்கு ரெண்டு கூட்டமும் வேற வேற பேரு வச்சிருப்பாங்க, ஒருத்தரை ஒருத்தர் மேற்கோள் காட்டுறதும் கம்மி. பேப்பர் ஒண்ணு அனுப்பி அச்சுல வர ஒரு வருஷம் ஆகுறது ரொம்ப சகஜம், அதுக்குள்ள நீங்க படிச்ச ஆப்பே வழக்கொழிஞ்சு போயிருக்கும். அதனால ஆப்பைப் பத்தி கேள்வி கேக்காதீங்க, ஆப் மாறினாலும் நிக்கிற மனுஷக் கேள்வியா கேளுங்கன்னு கைட்கள் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.

என்ன கத்துக்கணும்? புள்ளியியல் அடிப்படை கண்டிப்பா வேணும், ஆர் (R) இல்லைன்னா பைத்தான், இந்த ரெண்டு புரோகிராமிங் மொழில ஒண்ணு வேலைக்கு ஆகுற அளவு தெரியணும், அதோட ஒரு மனுஷன் கிட்ட உக்காந்து நாப்பது நிமிஷம் குறுக்க பேசாம இன்டர்வியூ எடுக்கத் தெரியணும். கடைசியா சொன்னதை யாரும் சீரியஸா எடுக்குறதில்ல, அதுதான் ரொம்பக் கஷ்டம். இங்கிலீஷ் தவிர இன்னொரு மொழில ஜனங்க எப்படித் திட்டுவாங்க, எப்படிக் கிண்டல் பண்ணுவாங்க, எப்ப பயந்து எழுதுவாங்கன்னு உள்ளே இருந்து தெரிஞ்சா அது பெரிய பலம், ஏன்னா இந்தத் துறைல இருக்குற ஆராய்ச்சி பெரும்பாலும் இங்கிலீஷ் டேட்டாவுலயும் மேற்கத்திய கம்பெனிகள் மேலயும்தான் நடந்திருக்கு. இப்ப ஏஐ படம் வேற. 2023 மே 22ஆம் தேதி பென்டகன் பக்கத்துல குண்டு வெடிச்ச மாதிரி ஒரு போலிப் படம் சுத்தினப்ப பங்குச் சந்தை கொஞ்ச நேரம் இறங்கி எழுந்துச்சு, தீயணைப்புத் துறை வந்து அப்படி எதுவும் நடக்கலன்னு சொல்ல வேண்டி வந்துச்சு. இது முழுசா புதுக் கேள்வியா, பழைய வதந்திக்குப் புது சட்டையான்னு துறைக்குள்ளயே இன்னும் சண்டை.

பல்கலைக்கழகத்துக்கு வெளிய போறவங்களும் நெறைய. சுகாதாரத் துறைகள், செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி அமைப்புகள், வானிலை மையங்கள், சோஷியல் மீடியா கம்பெனிகளோட பாதுகாப்புக் குழுக்கள், இங்கெல்லாம் இந்தப் படிப்புக்கு இடம் உண்டு. சம்பளம் சில இடத்துல கூட, ஆனா கண்டுபிடிச்சதை வெளிய எழுத முடியாது.

இதுக்குள்ள போகணும்னு யோசிக்கிறவங்க அப்ளிகேஷன் எழுதுறதுக்கு முன்னாடி ஒண்ணு செஞ்சு பாருங்க. நாலு அஞ்சு வருஷம் பழைய சம்பவம் ஒண்ணை எடுங்க, புதுசு வேண்டாம், அதோட முதல் மூணு மணி நேரத்துல அதிகாரப்பூர்வமா வந்த மெசேஜ் எல்லாத்தையும் நேர வரிசைல அடுக்குங்க, மேல சொன்ன அஞ்சு விஷயத்தையும் ஒவ்வொண்ணுலயும் தேடிக் குறிங்க, உங்க ஃப்ரெண்ட் ஒருத்தரையும் தனியா குறிக்கச் சொல்லுங்க. ரெண்டு பேரும் எங்க ஒத்துப்போகலையோ அந்த இடத்துல ஒரு பக்கம் எழுதுங்க. ப்ரொஃபசருக்கு அனுப்புற முதல் மெயில்ல "எனக்கு சோஷியல் மீடியால ஆர்வம் உண்டு"ங்கற வரிக்குப் பதிலா அந்தப் பக்கத்தை இணைச்சு அனுப்புங்க.